தொய்வு எந்தப் பக்கம்?

கோவை வாசகர் ஒருவர் 2010-ஆம் ஆண்டின் சான்ட்ரோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். பானெட்டைத் திறந்த மெக்கானிக், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு, "மொதல்ல டைமிங் பெல்ட்டை மாத்திடுங்க சார்" என்றாராம். இவர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பெல்ட் கறுகறுவென்று, ஒரு வெடிப்புகூட இல்லாமல் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா, யூடியூபில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்களே என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மெக்கானிக் சொன்னது சரி. வீட்டில் மாற்றலாமா என்பதற்கு எஞ்சினைப் பொறுத்து இரண்டு விடைகள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். அந்த அரை மணி நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். வீடியோவில் வெட்டப்பட்ட பகுதிகளில்தான் வேலையின் பெரும்பங்கு இருக்கிறது.

பெல்ட் புதிதுபோல் தெரிவது எதற்கும் சான்றல்ல. பழைய காலத்து பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரால் ஆனவை. வயதானால் வெடிக்கும், பல் உதிரும், பார்த்ததும் தெரியும். இப்போது வருபவை பெரும்பாலும் ஹெச்.என்.பி.ஆர். எனப்படும் ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர். எஞ்சின் சூட்டை அது எளிதாகத் தாங்குவதால் மேல்தோல் கடைசிவரை மினுமினுப்பாகவே இருக்கக்கூடும். ஆனால் இழுவையைத் தாங்குவது ரப்பர் அல்ல; ரப்பருக்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள். கண்ணாடி இழை ஏறக்குறைய நீளவே நீளாது. அந்தக் குணத்துக்காகத்தான் அதை உள்ளே வைத்தார்கள். அதே இழை, சக்கரத்தைச் சுற்றி வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்து களைத்துப்போகும்போது வெளியே எந்த அறிகுறியும் காட்டாது.

பெல்ட் எவ்வளவு உழைக்கிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. என்றால் 60,000 கி.மீ. ஓட 1,200 மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 2,500 சுற்று வீதம், பெல்ட்டை இழுக்கும் கிராங்க் ஷாஃப்ட் 18 கோடி முறை சுற்றியிருக்கும். சென்னைக்குள்ளேயே ஓடும் வண்டிக்குச் சராசரி வேகம் 25 கி.மீ. தாண்டாது, அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம். சிக்னலில் நிற்கும்போது கிலோமீட்டர் கணக்கு நின்றுவிடும், பெல்ட் நிற்காது. ஆகவே கையேட்டில் கிலோமீட்டரும் ஆண்டும் சேர்த்துப் போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. நகரவாசிகள் அதற்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்கியவருக்கு, முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் பொருள்.

அறுந்தால் என்ன ஆகும்? சில எஞ்சின்களில் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்ற வேண்டும். செலவு பெல்ட்டின் விலையைப்போல் பல மடங்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இடப்பற்றாக்குறை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து போனபின் மற்றவர் வந்து படுக்கிறார். இருவரும் ஒரே இடத்தில்தான் வசிக்கிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. சிலிண்டரின் உச்சியில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் திறந்த வால்வு சற்று நேரம் தலையை நீட்டுகிறது. அது உள்ளே போனதும் பிஸ்டன் ஏறி வருகிறது. ஷிப்டு மணி அடிப்பது டைமிங் பெல்ட். மணி சற்றுப் பிந்தினால் இருவரும் வாசலில் தோள் இடித்துக்கொள்வார்கள். மணி நின்றே போனால், ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் மேலே விழுவார். விழுகிறவர் எடை மிக்கவர், அவருக்குப் பின்னால் ஃப்ளைவீல் வேறு தள்ளிக்கொண்டிருக்கிறது. எலும்பு முறிவது எப்போதும் மெலிந்த வால்வுக்குத்தான். அப்படியானால் இரண்டு கட்டில் போட்டால் என்ன? போடலாம், போட்ட எஞ்சின்களும் உண்டு. ஆனால் அறை பெரிதாக வேண்டும், வாடகை கூடும். எஞ்சினுக்கு வாடகை என்பது அமுக்க விகிதம்: உச்சியில் காலியிடம் கூடினால் கலவை நன்றாக அமுங்காது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். டீசல் எஞ்சினுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவே ஆகாது. உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. அந்த அறையில் இரண்டாவது கட்டிலுக்கு வழியே இல்லை. மறைமலைநகர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று எங்கே செய்த டீசல் காராக இருந்தாலும் பெல்ட் அறுந்தால் வால்வு தப்பாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். பல் வைத்த ரப்பர் பெல்ட் 1940-களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காக உருவானது. ஊசியும் அடியில் இருக்கும் பாபினும் தாளம் தப்பாமல் இயங்க வேண்டியிருந்தது. பெரும் அளவில் விற்ற காரில் அது முதலில் ஏறியது 1962-இல், ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம் செய்த கிளாஸ் 1004 காரில். அந்தச் சிறு நிறுவனத்தை 1966-இல் பி.எம்.டபிள்யூ. வாங்கிவிட்டது. நம் ஊரில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் செயினை வைத்தே காலம் தள்ளின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தது. நம் மெக்கானிக்குகள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்தச் சின்னக் காரில்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். டைமிங் பெல்ட் மாற்றுவது என்றால் பல்சக்கரங்களின் குறிகளை நேர்ப்படுத்துவது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான். பெல்ட்டில் எப்போதும் ஓரிடத்தில் கொஞ்சம் தொய்வு இருக்கும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் வேலையின் உயிரே இருக்கிறது.

கிராங்க் ஷாஃப்டின் பல்சக்கரம் பெல்ட்டை இழுக்கிறது. இழுபடும் பக்கம் கயிறுபோல் விறைத்து நிற்கும். கிராங்கைத் தாண்டி வெளியே போகும் பக்கம் தளரும். பெல்ட்டை அழுத்தி இறுக்கும் டென்ஷனர் அந்தத் தளர்ந்த பக்கத்தில்தான் இருக்கும். விறைப்பான பக்கத்தில் அதைப் போட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் அது விலகிக் கொடுத்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குச் செய்தி தாமதமாகவே போய்ச் சேரும். இதுவரை எளிது. ஆனால் கேம் ஷாஃப்ட் அமைதியாகச் சுற்றுகிற பொருள் அல்ல. அதன் மூக்கு வால்வை அழுத்தித் திறக்கும்போது வால்வு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுகிறது. கேம் கனக்கிறது, பெல்ட் மேலும் விறைக்கிறது. மூக்கின் உச்சி தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமைப் பின்னாலிருந்து உந்திவிடுகிறது. கேம் கணநேரம் பெல்ட்டை முந்தப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் விறைப்பான பக்கம் இளகுகிறது, தளர்ந்த பக்கம் விறைக்கிறது. எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை இதைச் செய்கிறது. பெல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி நொடிக்குப் பல பத்து முறை இழுபட்டு இளகுகின்றன. டென்ஷனர் அந்தத் துடிப்பை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய டென்ஷனரையும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரமான ஐட்லரையும் அப்படியே விடுவது தவறு. பெல்ட் நன்றாக இருந்தும் அவற்றின் பேரிங் தேய்ந்து இறுகி, பெல்ட்டைக் கொன்ற வண்டிகள் ஏராளம்.

இதைக் கையால் உணர முடியும் என்பதுதான் அழகு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அமுக்கத்தின் எதிர்ப்பு இல்லாததால் மிஞ்சுவது வால்வு ஸ்பிரிங்குகளின் எதிர்ப்புதான். கை கனக்கும், கனக்கும், திடீரென்று ஸ்பேனர் கைக்கு முன்னால் ஓடும். ஒரு மூக்கு உச்சியைத் தாண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் வளைகோடாக வரைந்து காட்டுவதை உள்ளங்கையில் வாங்குவது தனி மகிழ்ச்சி.

பெல்ட்டைக் கழற்றியதும் கேம் ஷாஃப்ட் தானாகத் துள்ளித் திரும்புவதும் இதனால்தான். ஏதாவது ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பயந்துவிட வேண்டாம், குறிக்கு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும், இடையில் இரும்பு இரும்பைத் தொட்டதுபோல் கை தடைபட்டால் நிறுத்திவிட வேண்டும்.

புதிய பெல்ட்டைப் போடும் வரிசையும் தொய்வைத் தொட்டதே. முதலில் கிராங்க் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். அங்கிருந்து விறைப்பான பக்கத்தைத் துளித் தளர்வும் இல்லாமல் கேம் சக்கரத்துக்கு இழுத்து மாட்ட வேண்டும். மிச்சத் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து குவியும். அதன்பிறகே டென்ஷனரை விடுவிக்க வேண்டும். மாறாகத் தொய்வு விறைப்பான பக்கத்தில் ஒளிந்திருந்தால், குறிகள் கண்ணுக்கு நேராகவே தெரியும். ஸ்டார்ட் செய்த முதல் இழுப்பில் அது வெளிப்பட்டு கேம் ஒரு பல் பின்தங்கும்.

ஆகவேதான் சாவியைத் தொடுவதற்கு முன் கிராங்கைக் கையால், எஞ்சின் ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் அதற்கு ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கும். எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். ஒளிந்திருந்த தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் துரத்தப்பட்டிருக்கும். இப்போது குறிகள் சரியாக இருந்தால்தான் சரி. வழியில் எங்காவது கெட்டியாகத் தட்டினால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள். கையின் வலிமையில் தொட்டால் எதுவும் வளையாது. அந்த நேரத்தில் நீளமான கம்பியைச் செருகி அழுத்தினால் வளையும். குறியைச் சற்றுத் தாண்டிப் போய்விட்டாலும் பின்னோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் விறைப்பும் தொய்வும் பக்கம் மாறிவிடும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் தொய்வு சேர்ந்து, பெல்ட் பல்லின்மேல் ஏறிக்கொள்ளும். இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் வீட்டில் செய்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். புதிய பெல்ட்டின் முதுகில் கிராங்குக்கும் கேமுக்கும் என்று வெள்ளைக் கோடுகள் போட்டு வருவதுண்டு. மாட்டும்போது பொருந்திய அந்தக் கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு எங்கோ போய் நிற்கும். தவறு எதுவும் நடக்கவில்லை. எடுத்துக்காட்டாக கிராங்கில் 20 பல், கேமில் 40 பல், பெல்ட்டில் 107 பல் என்று வையுங்கள். இரண்டு சுற்றில் பெல்ட் 40 பல் மட்டுமே நகர்ந்திருக்கும். 107 பகா எண் என்பதால் பெல்ட்டும் இரண்டு சக்கரங்களும் ஒருசேரப் பழைய நிலைக்கு வர கிராங்க் 214 முறை சுற்ற வேண்டும். இதனால் ஒரு நன்மையும் இருக்கிறது: பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் சக்கரத்தின் ஒவ்வொரு பள்ளத்தோடும் முறைவைத்துச் சேர்வதால் தேய்மானம் ஓரிடத்தில் குவியாது. பெல்ட்டின் கோடுகள் மாட்டுவதற்கு மட்டும். சரிபார்க்கச் சக்கரத்தின் குறிகளையும் உலோகத்தில் பதித்த குறிகளையும் மட்டுமே பாருங்கள். கிராங்கின் வெளிப்புல்லியில் இருக்கும் கோடு இக்னிஷனுக்கானது. உள்ளே பல்சக்கரத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய குறி.

மேலே சொன்ன கணக்கில் ஒரு பல் தவறினால் கிராங்க் அளவில் 18 டிகிரி பிழை. சிறிய கார் எஞ்சினில் பிஸ்டன் உச்சியிலிருந்து 18 டிகிரிக்கு இறங்குவது இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான், ஆகவே ஒரு பல் தவறிய வண்டி பெரும்பாலும் மோதாமல் தப்பும். இழுவை குறைந்து, ஐடிலில் நடுங்கும். இரண்டு, மூன்று என்று கூடினால் தப்புவது கடினம்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு, நீளமான பகுதியை இரண்டு விரலால் பிடித்து 90 டிகிரி திருக முடிந்தால் சரி என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். கையால் இறுக்கும் டென்ஷனர் உள்ள பழைய எஞ்சின்களுக்கு அது தோராயமாகப் பொருந்தும். சில தயாரிப்பாளர்கள் ஹெர்ட்ஸில் அளவு தருகிறார்கள்: பெல்ட்டை விரலால் சுண்டி, அது அதிரும் ஒலியை மைக்கால் அளக்க வேண்டும். பள்ளியில் சோனாமீட்டருக்குப் படித்த அதே சூத்திரம். இதற்குக் கைப்பேசிச் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றை விளம்பரப்படுத்துகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதிர்வெண்ணை 10 விழுக்காடு தவறாக அளந்தால் இழுவிசையில் 21 விழுக்காடு பிழை வரும். எதில் அளந்தாலும் எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய எஞ்சின் சூடேறும்போது கிராங்குக்கும் கேமுக்கும் இடைப்பட்ட தூரம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடும், கண்ணாடி இழை அந்த அளவுக்கு நீளாது, பெல்ட் இறுகும். ஆறிய நிலைக்கான அளவில் இந்தக் கூடுதல் இறுக்கத்துக்கு ஏற்கெனவே இடம் விட்டிருக்கிறார்கள்.

வீடியோக்களில் வெட்டப்படும் பகுதிகள் இவை: வலப்பக்க முன்சக்கரம் கழல வேண்டும். குறுக்காக அமைந்த எஞ்சின்களில் பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்க வேண்டும். வண்டியோ ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்டக் கூடாது. ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன கிராங்க் போல்ட்தான் வீட்டில் செய்கிறவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்புவது. ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும் என்று காட்டுகிறார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஸ்பேனர் நழுவினால் விரல் போகும். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடும் எஞ்சினானால் அதையும், ஆயில் சீல் கசிந்தால் அதையும் கையோடு மாற்ற வேண்டும். எண்ணெயும் கூலன்ட்டும் இந்த ரப்பருக்கு ஆகாதவை. புதிய பெல்ட்டை மடிக்கவோ, உட்புறம் வெளியே வரத் திருப்பவோ, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவோ வேண்டாம். உள்ளே கண்ணாடி இழை முறிந்தால் வெளியே தெரியாது.

எண்ணெய் ஆகாது என்றால், எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட் எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012-இல் ஃபோர்டு தன் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில், எண்ணெயைத் தாங்கும் ரப்பரால் ஆன பெல்ட்டை அப்படித்தான் ஓடவிட்டது. உராய்வு குறைவு, சத்தம் குறைவு, 10 ஆண்டு அல்லது 2,40,000 கி.மீ. கவலை இல்லை என்றார்கள். மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013-இல் அந்த எஞ்சின் வந்தது. பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினும் அதே வழியில் போனது. ஆனால் எண்ணெயில் பெட்ரோல் கலந்து நீர்த்தாலோ, குறித்த வகை எண்ணெயை ஊற்றாவிட்டாலோ பெல்ட் ஊறி உதிர்ந்தது. துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தன. பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் எண்ணெயின்றி வாடியது. இரண்டு எஞ்சின்களின் பிந்தைய வடிவங்களும் கேமுக்குச் செயினுக்கே திரும்பிவிட்டன. செயின் வைத்த காருக்கு ஆயுள் முழுவதும் கவலையில்லை என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. செயினின் பின்களும் புஷ்களும் தேய்ந்து மொத்த நீளம் கூடும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் விரைவாகக் கூடும்.

இனி கோவை வாசகருக்கு என் தீர்ப்பு. ஒற்றைக் கேம், சாவிப் பள்ளத்தில் பொருந்தும் பல்சக்கரம், தெளிவான குறிகள், கையில் அந்த எஞ்சினுக்கே உரிய சர்வீஸ் கையேடு, ஒரு டார்க் ரெஞ்ச், இரண்டு நாள் வண்டி இல்லாமல் சமாளிக்க வழி, இவ்வளவும் இருந்தால் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த கிட்டாக, ரசீதோடு வாங்குங்கள். நான் சொன்னதை வைத்து மட்டும் போல்ட்டைத் தொடாதீர்கள். இறுக்க அளவும் வரிசையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

ரெனோ, ஃபோர்டு எஞ்சின்கள் சிலவற்றில் பல்சக்கரத்துக்குச் சாவியே கிடையாது. நடுப்போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ரெனோ டஸ்டரில் வந்த 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அந்த வகை. கிராங்கையும் கேமையும் பூட்டி வைக்கும் தனிக் கருவிகள் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட காரையும் டீசல் காரையும் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். விட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திடுங்க" என்று சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சுற்றிவிட்டுக் குறியையும் காட்டுவார். பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அந்தக் கார் உங்களிடமிருந்து யார் கைக்குப் போனாலும் அது அவருக்கு உதவும்.